மூணாவது ரூல்

பஸ் நிற்பதற்குள் குதித்த சந்திரமோகன், காலேஜ் வாசலிலிருந்து கணக்கு வகுப்புவரை தலைதெறிக்க ஓடினான். மணி ஒன்பது நாலு. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. படபடவென்று தட்டினான்.

"ஒம்பதுக்கு மேல யாரையும் உள்ள உடக்கூடாதுங்க. கதவுல ரூல்ஸ் ஒட்டியிருக்குது, படிங்க!" என்றாள் உள்ளேயிருந்து கவிப்பிரியா, வகுப்பு லீடர்.

"தொப்பூர் கணவாயில லாரி கவுந்து கெடக்குது கவிப்பிரியா! பஸ்ஸு நகரவே இல்ல!"

"போன வாரம் நானும் இதே லாரியத்தானுங்க சொன்னேன்," என்று குதூகலமாக வந்தது முருகேஷின் குரல். "பொய்யின்னு இன்டர்னல்ல ரெண்டு மார்க் போச்சு!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"ஐயோ, இன்னைக்கு டெஸ்ட் இருக்குது! தொற!"

"மூணாவது ரூலைச் சத்தமாப் படிங்க, பாக்கலாம்," என்றாள் கவிப்பிரியா.

மூச்சு வாங்கப் படித்தான். "'தாமதமாக வருபவர் யாராக இருந்தாலும் அனுமதி இல்லை. எந்தக் காரணமும் ஏற்கப்படாது.'"

"அதுக்குக் கீழ?"

அவன் குனிந்து பார்த்தான்.

"'இப்படிக்கு, சந்திரமோகன், உதவிப் பேராசிரியர், கணிதத் துறை,'" என்று தன் கையெழுத்தைத் தானே படித்தான்.

உள்ளே ஒரே விசில். ஆனால் தாழ்ப்பாள் அசையவில்லை.

சந்திரமோகன் பையிலிருந்து மார்க் நோட்டை எடுத்தான். முருகேஷ் பெயருக்கு நேரே அந்த ரெண்டு மார்க்கைத் திரும்பப் போட்டான். நோட்டைக் கதவின் அடி இடுக்கு வழியாக உள்ளே தள்ளினான்.

சடாரென்று கதவு திறந்தது.

"வாங்க சார்," என்றான் முருகேஷ். "லாரிக்காரருக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"