ஓசி மிக்சிக்கு வந்த ஸ்டேட் பிளேயர்

மானத்தின் விலை அன்று ஒரு மிக்சி. மூன்று ஜார், இரண்டு வருட கேரண்டி.

அந்த விலைக்குத்தான் திருமுருகன் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வந்து, மாநில அணியின் டீ-ஷர்ட்டோடு கேரம் போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். மொய்தீன் பிச்சை தன் வீட்டுச் சாமான் கடைக்குக் கூட்டம் சேர்க்க நடத்திய போட்டி அது. 'நுழைவு இலவசம். புதிதாக ஆடுகிறவர்களும் வரலாம். முதல் பரிசு மிக்சி' என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்.

முதல் சுற்றில் அவனிடம் மாட்டியவர், மண்டியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை எடை போடும் பெரியதம்பி. திருமுருகன் அடிக்க ஆரம்பித்தான். ஒன்பது காயும் சிவப்பும் குழிக்குள் போன பிறகுதான் போர்டிலிருந்து கையை எடுத்தான்.

"உக்காந்தேன், எழுந்தேன். நடுவுல ஸ்டிரைக்கரை நான் தொடவே இல்லைய்யா!" பெரியதம்பி கத்தினார். "ஸ்டேட் பிளேயருக்கு இங்க இன்னா வேலை? எல்கேஜி பசங்க ஓட்டப் பந்தயத்துல பைக்கை எடுத்துக்கினு வந்த மாதிரி இருக்குது."

"நான் வரக் கூடாதுன்னு பேனர்ல போட்டிருக்கா?" திருமுருகன் விரலில் இருந்த பவுடரை அவர் பக்கமாக ஊதினான். "என்னை மாதிரி ஆளுகிட்ட தோத்தாத்தான் ஆட்டம் கத்துக்குவீங்க. நியாயமா நீங்க எனக்கு ஃபீஸ் குடுக்கணும்."

"த்தூ! இதெல்லாம் ஒரு பொழப்பு!"

பெயர் கொடுத்திருந்த மற்றவர்களும் தங்கள் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டு எழுந்தார்கள். ஃபிரிட்ஜ் விலை விசாரித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டு படியிறங்கியது.

துபாயில் இருபது வருடம் கடை வைத்திருந்தவர் மொய்தீன் பிச்சை. வெறுங்கையோடு போகிற முதுகைப் பார்த்தாலே அவருக்குப் பொறுக்காது. மைக்கைப் பிடுங்கினார். "யாரும் போவாதீங்க! இந்த ஆளை யாரு ஜெயிச்சாலும் மிக்சியோட ஒரு குக்கரும் தர்றேன்!"

"ஸ்டேட் பிளேயரை ஜெயிச்சவனுக்கு வெறும் குக்கரா, பாய்?" பெரியதம்பி நடந்துகொண்டே கேட்டார்.

"சரி, டிவி!"

"நீயே வூட்ல வச்சுப் பாரு."

பாயின் பார்வை வாசலில் நின்ற பேட்டரி ஸ்கூட்டர் மேல் விழுந்தது. எழுபதாயிரம் ரூபாய்ச் சரக்கு. ஆனால் இவனை எவன் ஜெயிக்கப் போகிறான்? கொடுக்கவே போவதில்லை என்றால், வாய் தாராளமாக இருந்துவிட்டுப் போகட்டுமே!

"அந்த வண்டியவே தர்றேன்! போதுமா?"

கூட்டம் திரும்பி வந்தது.

திருமுருகன் ஒருவர் பின் ஒருவராக முடித்தான். தோற்றவர்கள் யாரும் அவனுக்குக் கை கொடுக்கவில்லை, அவனும் நீட்டவில்லை. போட்டியின் மறுபாதியில் தட்டுத்தடுமாறி ஜெயித்து, இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தவள் கலைப்பிரியா என்ற பெண்.

"முண்டியம்பாக்கத்துல வேலைண்ணா. தெனம் பஸ்ஸுல நசுங்கிக்கினு போறேன். அந்த வண்டி மட்டும் கெடைச்சா..." என்று அவள் சொன்னதும், பெரியதம்பி தன் அவமானத்தை மறந்து அவளுக்காகத் தொண்டை கிழியக் கத்தத் தொடங்கினார்.

பாய் மைக்கை அவளிடம் நீட்டினார். "யாரைத் தோக்கடிக்கப் போறே? பேரைச் சொல்லும்மா, கடைத்தெரு பூரா கேக்கட்டும்!"

கலைப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்தவனை விரலால் காட்டி, "இவரைத்தான்" என்றாள்.

"பேரைச் சொல்லும்மா!"

"அது என் வாயால வேணாம், பாய்."

விசில் பறந்தது. "அப்பிடிப் போடு!" பெரியதம்பி துள்ளினார். "அந்தாளு பேரைச் சொல்றதுக்கே பொண்ணுக்கு அருவருப்பா இருக்குது பாரு!"

முதல் போர்டு அவனுக்கு. இரண்டாவது அவளுக்கு. மூன்றாவதில், குழியின் விளிம்பில் நின்றிருந்த சிவப்பைக் குறி வைத்தான் திருமுருகன். ஸ்டிரைக்கர் சிவப்பை உரசாமல் போய்க் கட்டையில் மோதியது.

"கை நடுங்குது! அவனுக்குக் கை நடுங்குது!"

கலைப்பிரியா சிவப்பைப் போட்டாள். மிச்சமிருந்த இரண்டு காயையும் போட்டாள்.

திண்டிவனமே ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு சத்தம். திருமுருகன் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கி நடந்தான். "ஓசி மிக்சிக்கு வந்தே இல்ல, நல்லா வேணும்!" என்று யாரோ கத்த, அவன் முதுகில் மல்லாட்டைத் தோல் வந்து விழுந்தது. பாய் ஒரு கையில் மிக்சியும் மறு கையில் வண்டிச் சாவியுமாக, பல் பிடுங்கிய முகத்தோடு போட்டோவுக்கு நின்றார். பெரியதம்பி தன் செலவில் மாலை வாங்கி வந்து போட்டார்.

"நியாயம் ஜெயிச்சுடுச்சும்மா. இனிமே அவன் எந்த ஊருப் போர்டு முன்னாலயும் உக்கார மாட்டான்."

அரைமணி நேரம் கழித்து, விழுப்புரம் சாலையில் கூட்டேரிப்பட்டு பஸ் நிறுத்தத்தில் நின்று, டீ-ஷர்ட்டில் ஒட்டியிருந்த தோலைத் தட்டிக்கொண்டிருந்தான் திருமுருகன். ஸ்கூட்டர் ஒன்று உரசுகிற மாதிரி வந்து நின்றது. கலைப்பிரியா மாலையைக் கழற்றிப் புதரில் வீசிவிட்டு, மிக்சிப் பெட்டியை அவன் கையில் திணித்தாள்.

"ஏறு மாமா! செஞ்சியில ஃபிரிட்ஜ், பண்ருட்டியில வாஷிங்மெஷின், இன்னிக்கு மிக்சியும் வண்டியும். நம்ம வூட்டுக்கு இன்னும் ஏசி ஒண்ணுதான் பாக்கி."