முதல் தேர்வு

கிளேட்டன் புறநகரில் உள்ள வீட்டுக் கூடத்தில் நவம்பர் மாதத்து மாலை வெயில் விழுந்து கிடக்கிறது. பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரு சொல்லும் பேசாத அசனார் கதிரையில் அமர்ந்து, நண்பர் சேஷாத்ரி கொண்டுவந்த கோல்ஃப் வீடியோ கேமின் ரிமோட்டை வலக்கையால் மெல்ல வீசுகிறார். திரையில் பந்து குளத்துக்குள் விழுகிறது. "பரவால்ல பாய், கை மேல வந்துச்சே!" என்கிறார் சேஷாத்ரி. அப்போது வானொலி, இருவருக்கும் பிடித்த ஃபுட்டி எனும் ஆஸ்திரேலியக் கால்பந்து அணி, புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் இந்த வருட டிராஃப்டில் முதலில் எடுத்தவனின் பெயரைச் சொல்கிறது. அசனாரின் புருவம் நெரிகிறது. கோணிய உதடு நடுங்கித் திறக்கிறது. "இவன என்னத்துக்கு எடுத்தானுகள்? ஓடவே ஏலாதவன்!" குசினியில் குழாய்ச் சத்தம் நிற்கிறது. மனைவி ஜலீலா ஈரக் கையோடு ஓடிவந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அந்த ஆட்டக்காரன் அருமையான தேர்வு என்றே நினைக்கும் சேஷாத்ரி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். "ஆமா பாய், சுத்த மோசம். இன்னும் நல்லாத் திட்டுங்க!"