இன்றைக்கும் வெள்ளை

"சார், இன்னைக்கும் வெள்ளைதான்."

சூப்பர்வைசர் பிரிண்டரிலிருந்து உருவிய தாளை, செத்த எலியைத் தூக்கி வருவதுபோல் இரண்டு விரலால் பிடித்து நீட்டினார். இன்ஜினியர் அதைப் பிடுங்கிக் கசக்கித் தகர ஷெட்டின் மூலையில் வீசினார்.

"எவன்டா அவன்? என் கையில மாட்டட்டும், தோலை உரிச்சுடறேன்!"

வேலையாட்கள் வெளியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் குக்கர். இன்றைக்கு முதல் விசில் சீக்கிரமே வந்துவிட்டது.

பாலம் கட்டும் அந்த இடத்துக்கு ஃபோன் கம்பி கிடையாது. ஆபீஸிலிருந்து வரைபடம் வருவதெல்லாம் இன்ஜினியரின் மொபைல் வழியாகத்தான். ஃபேக்ஸுக்கென்று அதில் தனி நம்பர். அதற்கு மணி அடித்தால், மொபைலை லேப்டாப்பில் மாட்டி அவரே பட்டனைத் தட்டி வாங்குவார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

ஒரு மாதமாக, தினமும் காலையில், அதில் ஒரு வெள்ளைத் தாள் வந்துகொண்டிருந்தது. எழுத்தும் இல்லை, கோடும் இல்லை. தலையில் மட்டும் பொடி எழுத்தில், அனுப்பிய டவுன் ஃபேக்ஸ் கடையின் நம்பர். கூப்பிட்டுக் கேட்டால், "நாள் பூரா யார் யாரோ வர்றாங்க சார், நான் யாரைன்னு சொல்ல?" என்று வைத்துவிட்டார் கடைக்காரர். இன்ஜினியர் மொபைல் கம்பெனியைக் கூப்பிட்டுக் கத்தினார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது.

"பேசாம வாங்காம விட்டுடலாமே சார்?" என்றார் சூப்பர்வைசர்.

"யோவ், மொபைல்ல ஃபேக்ஸுன்னு மட்டும்தான் காட்டுது. ஆபீஸா, இந்தப் பொறுக்கியான்னு எப்படித் தெரியும்? வாங்கித்தானே தொலைக்கணும்!"

தொல்லை தலைவலியோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். நேற்று அந்த வெள்ளைத் தாள் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்த நேரத்தில், ஆபீஸின் திருத்திய வரைபடம் உள்ளே நுழைய முடியாமல் போயிற்று. பழைய வரைபடப்படி தூணுக்குக் கட்டிய கம்பிகளையெல்லாம் அவிழ்க்க வேண்டி வந்தது. மேலதிகாரியிடம் அவருக்குச் செம மண்டகப்படி.

"எல்லாம் அந்த ஸ்டோர் கீப்பர் வேலை. சிமெண்ட் திருடினான்னு விரட்டினேன்ல, அந்தக் கடுப்பு. நாளைக்குக் கடையிலயே வச்சுப் பிடிக்கறேன் பார்!"

மறுநாள் விடிந்ததும் ஜீப் கிளம்பியது. மதியம் வரை எதுவும் அனுப்ப வேண்டாம் என்று ஆபீஸுக்குச் சொல்லியாகிவிட்டது. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். என்னென்ன திட்டப் போகிறார் என்பதை டிரைவரிடம் ஒத்திகையே பார்த்துவிட்டார்.

"கோபப்படாதீங்க சார்," என்றார் டிரைவர். "போன வருஷம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தீங்க. டாக்டர் என்ன சொன்னார்?"

"நீயும் எங்கக்கா மாதிரி ஆரம்பிச்சுடாதே!"

டிரைவர் கியரை மாற்றினார். அந்தக் கதை சைட்டுக்கே தெரியும். விழுந்து எழுந்த தம்பியை வெயிலில் வேலைக்கு அனுப்பாதீர்கள் என்று அக்காக்காரி நேரே மேலதிகாரியிடம் போய் நின்றுவிட்டாள். ஆபீஸே சிரித்தது. அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய்த் தெருவே கேட்கிற மாதிரி கத்திவிட்டு வந்தவர், அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

டவுனுக்குள் நுழையும்போது சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார். ஃபேக்ஸ்.

"வந்துட்டான்யா!" கட் செய்தார். மறுபடி அடித்தது. மறுபடியும் கட். "அனுப்புடா, அனுப்பு! இன்னைக்கு உன் பருப்பு வேகாது."

ஒரு மாதத்தில் முதல்முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஜீப் நிற்பதற்குள் குதித்து இறங்கினார். கடையின் கண்ணாடிக் கதவை ஒரே தள்ளாகத் தள்ளியவர், அப்படியே நின்றார்.

உள்ளே ஸ்டோர் கீப்பர் இல்லை. ஃபேக்ஸ் மெஷின் முன்னால், கதவுக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தது அக்கா.

"இன்னும் ஒரே ஒரு தடவை போடுங்க தம்பி."

"எத்தனை தடவைம்மா போடறது? அந்தப் பக்கம் எடுக்க மாட்டேங்குது," என்றார் கடைக்காரர். "வெத்துப் பேப்பருக்கு ஏன் இந்தப் பாடு? ஃபோன் பண்ணி ரெண்டு வார்த்தை பேசிடலாம்ல?"

"என் குரலே அவன் காதுல விழக் கூடாதுன்னுட்டான். என்கிட்டேருந்து ஒரு எழுத்து வரக் கூடாதுன்னுட்டான். அதான் வெறும் பேப்பர். அவன் கையால வாங்கினாத்தானே இந்த மெஷின்ல ஓகேன்னு சீட்டு வருது? அது வந்துட்டா, நல்லா இருக்கான்னு வீட்டுக்குப் போயிடுவேன். இன்னைக்கு வரலையே தம்பி... அங்க தனியா விழுந்து கிடக்கறானோ என்னவோ..."

கடைக்காரர் தாளை மறுபடி செருகி, நம்பரைத் தட்டினார்.

இன்ஜினியரின் சட்டைப்பையில் மணி அடித்தது.

அக்கா திரும்பினாள். தலையிலிருந்து கால்வரை தம்பியை ஒரு தடவை பார்த்தாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசவுகளில் ஒன்றுகூட அவருக்கு நினைவில் இல்லை.

"அக்கா..."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்காரரிடம்தான் சொன்னாள்:

"நிறுத்திடுங்க தம்பி. ஓகே வந்துடுச்சு."