கல்லுக்கு முளைத்த தாடி

எங்கள் குடிதண்ணீர்க் கிணறு ஓடைக்கரையில் இருக்கிறது. வயலில் உரம் மிஞ்சினால் ஓடையில் பாசி மிஞ்சும் என்பதால், சோதிக்க ஒரு வெள்ளைக் கல்லைத் தண்ணீரில் போட்டுவைத்தேன். ஒரே வாரத்தில் அதற்குச் சடை பின்னிப் பூ வைக்கும் அளவுக்குத் தாடி முளைத்துவிட்டது. கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு மேலே வயல் வைத்திருக்கும் மேல்காட்டுச் சென்னியப்பனிடம் ஓடினேன்.

“பாரு மாப்ள, நீ கொட்டுற யூரியா பண்ணுன வேலைய! நாளைக்கு நம்ம வயித்துலயும் இதுதான் மொளைக்கும்!”

அவர் பாசியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“வெறுங்கல்லுலயே இப்படிப் புடிக்குதுங்களா மாமா? மட்டமான உரம்னு கடைக்காரனத் திட்டிப்போட்டனுங்களே!”

கல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். நான் கத்தியது காக்கைக்குக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் உரக்கடை வாசலில், அண்டாத் தண்ணீருக்குள் என் கல் மாலையோடு உட்கார்ந்திருந்தது. மூட்டை வாங்க நின்ற வரிசை ஓடைவரைக்கும் நீண்டிருந்தது.