பன்னிரண்டரை மணி

“போரா, மணி பன்னிரண்டு. போய்ச் சூடா கிம்ச்சி சூப் சாப்பிட்டு வா. நான் இங்க இருக்கேன்,” என்று தினமும் அனுப்பிவைப்பான் தோயுன்.

தென்கொரியாவின் சியோல் நகர அலுவலகத்தில் கணினிப் புகார்களைத் தீர்ப்பது அவர்கள் இருவர்தான். அதிகம் தீர்ப்பவருக்கு வேலை நிரந்தரம், மற்றவர் வெளியே. யார் வென்றாலும் வசந்தத்தில் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள்.

இன்று மேலாளர் கேட்டாரென்று மாத அறிக்கையை எக்செலில் இறக்கினாள் போரா. அவள் தீர்த்த நாற்பது புகார்கள் ‘தீராதவை’ என்று மாறியிருந்தன. மாற்றியது யார், எப்போது என்பது திரையில் தெரியாது, எக்செலில் இருந்தது.

நாற்பதிலும் தோயுன் பெயர். நாற்பதும் பகல் பன்னிரண்டரை மணி.

“இன்னும் கிளம்பலையா?” என்றான் தோயுன்.

அந்த அறிக்கையை அப்படியே மேலாளருக்கு அனுப்பினாள் போரா.

“இன்னிக்கு நீ போ. சூப் ஆறிடும்.”