தராசில் மிஞ்சிய நிறை

கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் பழைய மெத்தைகளைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறை ஒன்றில் தக்ஷினி வேலை செய்கிறாள். வருகிற ஒவ்வொரு மெத்தையையும் முதலில் தராசில் நிறுத்துப் பதிய வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ஜெறோம் என்றொருவர் காரின் கூரையில் ஒரு மெத்தையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்ர மனுசி படுத்த மெத்தை. ஆள் போன மாசம் தவறிட்டா," என்றார்.

தனி ஆளாகவே அதைத் தூக்கிவந்து தராசில் வைத்தார். அறுபத்தெட்டு கிலோ காட்டியது.

அந்த அளவு மெத்தை இருபத்தாறுக்கு மேல் போகாது. தக்ஷினி அதை இறக்கி வெட்டிப் பார்த்தாள். துணி, பஞ்சு, ஸ்பிரிங் தவிர உள்ளே ஒன்றும் இல்லை. திரும்பியபோது வெறும் தராசு நாற்பத்திரண்டு காட்டிக்கொண்டிருந்தது.

ஜெறோம் இன்னும் வாசலில்தான் நின்றார்.

"அண்ணை, அக்கா என்ன நிறை இருந்தவ?"

"கடைசியா ஆஸ்பத்திரியில நிறுக்கேக்க நாற்பத்திரண்டு. ஏன் பிள்ளை?"

தக்ஷினி தராசைக் காட்டினாள். அவர் கிட்ட வந்து அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு வெறும் தராசின் பக்கம் குனிந்து மெதுவாக, "இஞ்சரும், வாரும். வீட்டை போவம்," என்றார்.

எண் பூச்சியத்துக்கு வந்தது.

தக்ஷினி வாசல்வரை போனாள். ஜெறோம் காரின் மற்றப் பக்கக் கதவைத் திறந்து, சற்று நின்று, சாத்தினார். சுற்றிவந்து ஏறி ஸ்டார்ட் பண்ணினார். ஆள் ஏறிய இருக்கைக்கு சீற் பெல்ற் போடச் சொல்லும் மணி அடித்தது. தன் பெல்ற்றைப் போட்டார். மணி நிற்கவில்லை. பக்கத்து வெற்று இருக்கைக்குக் குறுக்கே கையை நீட்டி, அந்த பெல்ற்றையும் இழுத்து மாட்டினார். அதன்பிறகுதான் மணி ஓய்ந்தது.