நூற்று நாற்பது வருடக் கொம்பு

"சத்தம் அருமையா இருக்கு. அது சரி, உங்க கம்பெனிக்கு எத்தனை வயசு?"

மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், பைகளில் கையை விட்டபடி அந்தப் பெண்மணி கேட்டார். பட்டறைக்காரர் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான்.

மேஜைமேல் பளபளவென்று இருந்தது பிரெஞ்சு ஹார்ன், வட்டமாகச் சுருட்டிய பித்தளை ஊதுகொம்பு. கற்றுக்கொள்கிறவர்கள் முதல் படியைத் தாண்டியதும் வாங்குகிற ரகம். அவரும் மனைவியும் சேர்ந்து செய்த முதல் டபுள் ஹார்ன். இதுவரை ஏழு பேர் வந்துவிட்டார்கள். மனைவி வாசித்துக் காட்டியதைக் கேட்டு ஏழு பேரும் சொக்கிப் போனார்கள். அப்புறம் இதே கேள்வியைக் கேட்டார்கள். "மூணு வருஷம்" என்று அவர் உண்மையைச் சொன்னதும், "யோசிச்சுச் சொல்றோம்" என்று கம்பி நீட்டிவிட்டார்கள். எட்டாவது ஆளும் போய்விட்டால் பட்டறையை இழுத்து மூடிவிட்டு, பழையபடி தண்ணீர்க் குழாய் ரிப்பேருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று நேற்றுத்தான் இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

அதனால் இந்த முறை அவர் ஒரு முடிவோடு இருந்தார்.

"வயசா? நூத்தி நாப்பது மேடம்!"

வாசித்து முடித்து ஹார்னைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி வெடுக்கென்று நிமிர்ந்தாள். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"நூத்தி நாப்பதா?" பெண்மணியின் முகம் வாடியது.

போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் பட்டறைக்காரர். "அது பதிவு பண்ணினதுலேர்ந்து கணக்கு. அதுக்கு முன்னாடியே எங்க கொள்ளுத்தாத்தா முப்பது வருஷம் செஞ்சிருக்காரு. அரண்மனை வாத்தியக் கோஷ்டிக்கே எங்க கொம்புதான்!"

"ஓ... அரண்மனைக்கா?" முகம் இன்னும் வாடியது.

"நீங்களே ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க. ரெண்டு கொம்பு ஒண்ணுக்குள்ள ஒண்ணு. இந்தக் கட்டைவிரல் சாவியை அழுத்தினா..."

"தெரியும்ங்க. பத்து வருஷமா ஊர் பேண்டுல வாசிச்சவதான்." பெண்மணி ஹார்னைத் தொடவே இல்லை. "செய்யற முறையும் உங்க கொள்ளுத்தாத்தாவோடதுதானா?"

அவ்வளவுதான், பட்டறைக்காரருக்கு உற்சாகம் பீறிட்டது. கயிறு திரிப்பதில் தனக்கு இவ்வளவு திறமை இருப்பது அவருக்கே இன்றுதான் தெரிந்தது.

"அச்சு அசல் அதேதான்! இடது கை விரலாலதான் சாவியை அழுத்தணும், வலது கை இந்த அகல வாய்க்குள்ளதான் இருக்கணும்னு வகுத்து வெச்சிட்டுப் போனாரு. இன்னிவரைக்கும் ஒரு மயிரிழைகூட மாத்தல மேடம். மாத்தவும் மாட்டோம். பரம்பரை கௌரவம்னு ஒண்ணு இருக்கில்ல?"

பெண்மணி பெருமூச்சு விட்டார். "இருக்கும், இருக்கும். நல்லது, நான் வரேங்க" என்று வாசல் பக்கம் திரும்பிவிட்டார்.

மனைவியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. துடைத்த துணியை மேஜையில் வீசினாள்.

"போதும்ங்க, நிறுத்துங்க! கொள்ளுத்தாத்தாவாம், அரண்மனையாம்! மேடம், ஒரு நிமிஷம் நில்லுங்க. இவரோட கொள்ளுத்தாத்தா பேரு இவருக்கே தெரியாது. இந்தப் பட்டறைக்கு மூணே வயசு. நான் ஹார்ன் வாசிக்கிறவ, இவரு குழாய் ரிப்பேர் பண்றவரு. என் ஹார்ன் நசுங்கிப்போச்சுன்னு குடுத்தேன். சரி பண்றேன்னு மொத்தமா கழட்டிப் போட்டுட்டாரு, திருப்பி மாட்டத் தெரியல. ரெண்டு பேரும் மாட்டி மாட்டிப் பாத்ததுல புதுசா செய்யவே வந்திருச்சு. எங்க சரித்திரம் அவ்வளவுதான்!"

பட்டறைக்காரருக்கு மானம் கப்பலேறியது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசல்வரை போன பெண்மணி நின்றார். மெல்லத் திரும்பினார்.

"நிஜமாவா? பரம்பரை, கௌரவம், ஒண்ணும் கிடையாதா?"

"ஒரு மண்ணும் கிடையாது" என்றாள் மனைவி.

"இப்படித்தான் செய்யணும்னு யாரும் சொல்லிவெச்சிட்டுப் போகலையா?"

"யாரு இருக்கா சொல்ல? தப்புத் தப்பா வளைச்சு நாங்களே கண்டுபிடிச்சதுதான் மேடம். மன்னிச்சுக்குங்க, ஏதோ ஆசையில இவரு..."

பெண்மணியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. விறுவிறுவென்று உள்ளே வந்து, காலால் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? என் உயிரை வாங்கிட்டாரே மனுஷன்! எனக்கு ஒரு ஹார்ன் வேணும். அதை நீங்க ரெண்டு பேரும்தான் செய்யணும்."

பட்டறைக்காரர் திருதிருவென்று விழித்தார். "பேர் போன பழைய கம்பெனியெல்லாம் இருக்கும்போது, எங்ககிட்டயா மேடம்?"

பெண்மணி மழைக்கோட்டுப் பையிலிருந்து இடது கையை வெளியே எடுத்தார். கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது.

"போன வருஷம் வேலை செய்யற இடத்துல மெஷின்ல போச்சு. வலது கை விரலால வாசிக்கிற மாதிரி மாத்திச் செஞ்சு குடுங்கன்னு அஞ்சு பெரிய கம்பெனி ஏறி இறங்கிட்டேன். கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து இடது கைக்குத்தான் செய்யறோம்னு அஞ்சு பேரும் அனுப்பிவெச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "நல்லவேளை, உங்களுக்குக் கொள்ளுத்தாத்தாவே இல்ல!"